அக்டோபரில் இங்கிலாந்து போகிறேன்: இலை நிறம் மாறும் ரோடுகளில் கார் ஓட்ட வழி சொல்லுங்கள்

வி.கே.புரம் பழைய டிரைவர் | செப்டம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். அரசு பஸ்ஸில் 29 வருஷம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி 11 வருஷம் மாஞ்சோலை வண்டிதான். மணிமுத்தாறு அணையைத் தாண்டி ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று ரோடு மேலே போய்க்கொண்டே இருக்கும். மழை நாளில் எதிரே ஒரு ஜீப் வந்துவிட்டால் யார் பின்னால் எடுப்பது என்று அங்கேயே ஒரு பஞ்சாயத்து நடக்கும். அதையெல்லாம் பார்த்தவனிடம் என் மகள், "அப்பா, இங்கே நீங்க கார் ஓட்ட வேண்டாம், ட்ரெயினில் போய்க்கலாம்" என்கிறாள். மனசுக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

மகளும் மருமகனும் சுவிண்டனில் இருக்கிறார்கள். அக்டோபர் முதல் வாரம் நானும் வீட்டுக்காரியும் போகிறோம், ஆறு வாரம் இருப்போம். போன வருஷம் மருமகன் ஒரு போட்டோ அனுப்பினார். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மரம், இலை பூராவும் புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம் மாதிரி நிறம், நடுவில் நனைந்த தார் ரோடு. ஆள் இல்லை, வண்டி இல்லை. எந்த ஊர் என்று கேட்டால், "ஆபீஸ் போற வழியில எங்கேயோ எடுத்தது மாமா" என்கிறார். அந்த மாதிரி ரோட்டில் ஒரு நாளாவது நான் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். பயணி இல்லாமல், டைம் கீப்பர் இல்லாமல், பின்னால் விசில் இல்லாமல்.

நம்ம ஊர் லைசென்ஸ் அங்கே செல்லுமா? சுவிண்டனில் காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்புகிற மாதிரி எந்த ரோடு நல்லது? எந்தத் தேதியில் போனால் நிறம் இருக்கும்? இன்னொன்று, வீட்டுக்காரிக்கு வளைவு ரோடு ஆகாது. கல்யாணமான புதிதில் காரையாறு போன என் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்துவிட்டு, "இனிமே உம்ம வண்டியில ஏற மாட்டேன்" என்றாள். இன்றுவரைக்கும் ஏறவில்லை. இப்போது என்னவோ வருகிறேன் என்கிறாள்.

தென்காசி சாரல் | செப்டம்பர் 9

அண்ணாச்சி, இலை உதிர்வதைப் பார்க்க எட்டாயிரம் கிலோமீட்டர் போகணுமா? பங்குனியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வாருங்கள். பூவரசு இலை கூட்ட ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், கூலியும் தருகிறேன். சும்மா சொன்னேன், நல்லபடியாகப் போய்விட்டு வாங்க.

அம்பை நர்ஸம்மா | செப்டம்பர் 10

அண்ணாச்சி, எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். 14 வருஷமாக சிரென்செஸ்டர் பக்கம் இருக்கிறேன், உங்கள் மகள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். சின்ன வயசில் உங்கள் மாஞ்சோலை வண்டியில் ஏறியிருந்தாலும் ஏறியிருப்பேன்.

முதலில் லைசென்ஸ். வந்து இறங்கிய நாளிலிருந்து 12 மாதம் வரைக்கும் நம்ம லைசென்ஸிலேயே கார் ஓட்டலாம். தொல்லை கொடுப்பது இன்சூரன்ஸ்தான். மகள் காரை நீங்கள் ஓட்ட வேண்டுமென்றால் அந்தக் கார் இன்சூரன்ஸில் உங்கள் பேரும் இருக்க வேண்டும். வெளிநாட்டு லைசென்ஸ் என்றால் சில கம்பெனி மாட்டேன் என்பார்கள், அப்போது நாள் கணக்குக்குத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். அது இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூட எடுக்காதீர்கள். நம்பர் பிளேட்டைக் கேமராவே படித்துவிடும்.

தேதி கேட்டீர்கள். தெற்குப் பக்கம் அக்டோபர் மூன்றாம் வாரத்திலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை. மேப்பிள் மரம் முதலில் சிவக்கும், பிறகு பீச் மரம் செம்பாகும், ஓக் மரம் கடைசி. ஆனால் அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்தே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும், மறுநாள் நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டு. என் அம்மா முதல் தடவை வந்தபோது, "என்னடி, மூணு மணிக்கே விளக்கு வைக்கிற" என்று பயந்துவிட்டாள். அதனால் காலை எட்டரைக்குக் கிளம்புங்கள், மதியத்துக்குள் பாதி பார்த்துவிடுங்கள்.

இனி ரோடு. சுவிண்டனில் ஏ361 பிடித்து ஹைவொர்த், லெச்லேட் தாண்டி பர்ஃபர்ட். அங்கிருந்து ஏ424-இல் ஸ்டோ ஆன் தி வோல்ட். திரும்பும்போது ஏ429, ஏ419 வழியாக சுவிண்டன். மொத்தம் 65 மைல் வாக்கில் வரும். இதில் ஏ429-ஐ நீங்கள் ஓட்டியே ஆக வேண்டும். ரோமாக்காரர்கள் எக்ஸிட்டரிலிருந்து லிங்கன் வரைக்கும் போட்ட ஃபோஸ் வே என்ற பழைய ரோட்டின் மேல்தான் அது போகிறது. கயிறு பிடித்த மாதிரி நேராக இருக்கும், மதினிக்கு வயிறு புரட்டாது. ஏறி இறங்குமே தவிர வளையாது. வழியெல்லாம் தேன் நிறக் கல் வீடுகள். வயலுக்கு வரப்பாகக் கல் சுவர் வைத்திருப்பார்கள், சுண்ணாம்பும் கிடையாது சிமெண்டும் கிடையாது, கல் மேல் கல்தான். ஸ்டோவில் காரை நிறுத்திச் சர்ச்சின் பின்வாசலைப் பாருங்கள். கதவின் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி இரண்டு யூ மரம், துவாரபாலகர் மாதிரி நிற்கும். பைபரியும் அழகான ஊர்தான், ஆனால் சனி ஞாயிறில் அங்கே போவதும் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குக் கார் எடுத்துப் போவதும் ஒன்று. வேண்டாம்.

வெஸ்டன்பர்ட் மரத்தோட்டம் தனியாக ஒரு நாள். டெட்பரி பக்கம், 15,000 மரம் வாக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பேர்ச் சீட்டு. சிவப்பு வேண்டுமென்றால் அங்கே ஜப்பான் மேப்பிள்தான். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அங்கே கட்சுரா என்று ஒரு மரம் உண்டு. அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன், மதினியை அதன் கீழே கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள்.

மருமகன் போட்டோ எடுத்தது அநேகமாக மார்ல்பரோ பக்கம் சேவர்னேக் காடு. நாலு மைலுக்குப் பீச் மர வரிசை ஒன்று போகும், 1790-களில் வைத்த சாலை. குண்டும் குழியுமாக இருக்கும், மாஞ்சோலைக்காரருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா! பக்கத்தில் ஏ346 ஓரமாகவே வயிறு பெருத்த கிழட்டு ஓக் ஒன்று, பிளந்துவிடாமல் இரும்புப் பட்டை கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒற்றை ரோடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிராமத்துக்குள் போனால் ஒரு கார் அகலம்தான், அங்கங்கே ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். ஒதுங்குமிடம் உங்கள் இடது பக்கம் என்றால் அதில் ஏறிக்கொள்ளுங்கள். வலது பக்கம் என்றால் நீங்கள் அதற்கு எதிரே உங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், எதிரே வருபவர் அதில் ஒதுங்கி வருவார். மலையேறி வருபவருக்கு இறங்குபவர் வழி விட வேண்டும், இது இங்கே எழுதி வைத்த விதி. உங்களுக்குத் தெரியாததா? தேவைப்பட்டால் பின்னால் எடுக்கணும், பஞ்சாயத்து கிடையாது. எதிர் வண்டிக்காரர் ஹெட்லைட்டை மினுக்கினால், "நான் வருகிறேன், ஒதுங்கு" என்று நினைத்துவிடாதீர்கள். அநேகமாக அது, "நீங்க வாங்க" என்பதுதான்.

கடையத்துக்காரன், ரெடிங் | செப்டம்பர் 10

பார்க்கிங் ஜாக்கிரதை அண்ணாச்சி. போன அக்டோபரில் ஒரு தனியார் பார்க்கிங்கில் மூன்று பவுண்டு கட்டிவிட்டு நிம்மதியாகக் காட்டுக்குள் நடந்தேன். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது: 100 பவுண்டு கட்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60. காரணம், மிஷினில் கார் நம்பர் அடிக்கும்போது ஆங்கில எழுத்து ஓ வர வேண்டிய இடத்தில் சைபர் அடித்துவிட்டேன். டிக்கெட்டைப் போட்டோ எடுத்து அப்பீல் போட்டேன், விட்டுவிட்டார்கள். அதற்குள் என் வீட்டில் நடந்த விசாரணை தனி. டிக்கெட் எடுத்தவுடன் நம்பரை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

பெட்ரோல் பங்கில் ஆள் வரமாட்டார், நாமேதான் போட வேண்டும். பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல். 29 வருஷம் டீசல் வண்டி ஓட்டின கை தானாகக் கறுப்புக்குப் போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கை டு பிரஸ்டன் | செப்டம்பர் 12

நான் லாரி ஓட்டுகிறேன், வடக்கே பிரஸ்டனில். எல்லோரும் தெற்கைச் சொல்கிறார்கள், இலை நிறம் பார்க்க வேண்டுமென்றால் லேக் டிஸ்ட்ரிக்ட் வராமல் எப்படி? சுவிண்டனிலிருந்து நாலரை மணி நேரத்துக்குக் குறையாது, ஒரு ராத்திரி தங்கணும். விண்டர்மியரிலிருந்து கெஸ்விக் போகிற ஏ591 ஒன்று போதும். ஏரி, கரையில் மரம், மேலே மலை முழுக்கக் காய்ந்த பெரணிச் செடி துரு நிறத்தில் கிடக்கும். கிர்க்ஸ்டோன் கணவாயில் ஏறிப் பாருங்கள், 454 மீட்டர்தான். மாஞ்சோலை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், சிரிப்புத்தான் வரும். ஆனால் ஹார்ட்நாட் கணவாய்க்கு மட்டும் உங்கள் வீட்டம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள். மூன்றடி போனால் ஒரு அடி ஏறுகிற ரோடு, நம்ம கொண்டை ஊசியெல்லாம் அதற்கு முன்னால் நெடுஞ்சாலை. நீங்கள் தனியாக வந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

பாளை தாவரவியல் வாத்தியார் | செப்டம்பர் 13

ரோடு பற்றி எனக்குத் தெரியாது, மரம் பற்றிச் சொல்கிறேன். நம்ம ஊரில் மாசி பங்குனியில் தண்ணீர் குறைவதால் இலை உதிர்கிறது. அங்கே பகல் குறைவதும் குளிரும்தான் காரணம். இலையின் பச்சையம் சிதைந்து, அதிலுள்ள சத்தை மரம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கோடை முழுக்கப் பச்சைக்குப் பின்னால் மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, கடைசி நாட்களில் இலையே அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயில், ராத்திரி உறையாத அளவு குளிர் என்று நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் வந்தால் சிவப்பு எடுப்பாக இருக்கும். தொடர்ந்து மழை காற்று என்றால் மங்கிவிடும். ஆகவே தேதியை விட வானிலையைப் பாருங்கள். நம்ம பள்ளிக்கூட மைதானத்து நாட்டு வாதாம் மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், இலை விழுவதற்கு முன் சிவப்பது அதே சாயத்தால்தான்.

வி.கே.புரம் பழைய டிரைவர் | நவம்பர் 6

எல்லோருக்கும் நன்றி. சுவிண்டனிலிருந்து எழுதுகிறேன். போய்விட்டு வந்தேன், நான்தான் ஓட்டினேன்.

முதல் மூன்று நாள் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். பழக்கினதில் பெரிய விஷயம் இந்த ஊர் மேஜிக் ரவுண்டானா. யாரும் எனக்கு முன்னாடியே சொல்லவில்லையே! நடுவில் ஒரு ரவுண்டானா, அதைச் சுற்றி ஐந்து குட்டி ரவுண்டானா. நடு வட்டத்தில் வண்டிகள் எதிர்த் திசையில் சுற்றுகின்றன. 1972-இல் கட்டினதாம். நம்ம வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் தீபாவளிக்கு முந்தின நாள் வண்டி ஓட்டினவன், எனக்கே கை நனைந்துவிட்டது. ஆனால் இரண்டாம் தடவை புரிந்துவிட்டது: வலது பக்கம் பார், வந்தால் நில், வராவிட்டால் போ. மற்றதெல்லாம் கண்ணுக்குத்தான் பயம். அன்றைக்குச் சாயங்காலம் மகள், "சரி, நீங்களே ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டாள்.

நர்ஸம்மா சொன்ன ஏ429-இல் போனோம். வீட்டுக்காரி முன் சீட்டில், கையில் எலுமிச்சம்பழத்தோடு. பழம் அப்படியே திரும்பி வந்தது. ஆனால் தாயி, நீ சொல்லியும் நான் ஏமாந்தேன். நார்த்லீச் தாண்டி ஆசைப்பட்டு ஒரு ஒற்றை ரோட்டுக்குள் விட்டேன். எதிரே ஒரு கார், லைட்டை மினுக்கியது. உடனே பழைய புத்தி, பிரேக் அடித்து ஓரம் கட்டி நின்றுவிட்டேன். அவரும் நிற்கிறார். மறுபடி மினுக்குகிறார், நான் அசையவில்லை. ஒரு நிமிஷம் இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். வீட்டுக்காரிதான், "ஏங்க, அந்தாளு உங்களைத்தான் வரச் சொல்றாரு" என்றாள். கார் ஓட்டத் தெரியாதவள் சொன்னதுதான் சரி. தாண்டும்போது அவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினார். ரோட்டில் எதிரே வருகிற நம்ம டிப்போ வண்டிக்கு நாங்கள் கையைத் தூக்குவோமே, அதே மாதிரி. எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. அதற்கப்புறம் அன்றைக்கு எதிரே வந்த எல்லாருக்கும் விரல் தூக்கினேன், நாற்பது பேருக்காவது இருக்கும். இரண்டு பேர்தான் பதிலுக்குத் தூக்கவில்லை. ஒருத்தர் போன் பேசிக்கொண்டிருந்தார், தப்பு.

வெஸ்டன்பர்ட்டில் அந்தக் கட்சுரா மரம். வீட்டுக்காரி பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டாள். "யாரோ சீனிப்பாகு காய்ச்சுறாங்க, முறுகிப்போச்சு" என்றாள். சுற்றிலும் பார்க்கிறோம், அடுப்பும் இல்லை கடையும் இல்லை. கீழே விழுந்த இலைதான் அந்த வாசனை! இதய வடிவத்தில் சின்ன மஞ்சள் இலை. அல்வாவுக்குச் சீனியைக் கருக்கி ஊற்றுகிற அந்த நேரத்தில் சட்டியிலிருந்து கிளம்புமே, அதேதான். மேப்பிளெல்லாம் ரத்தச் சிவப்பாக நின்றது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவள் அரை மணி நேரம் இந்த மரத்தடியில்தான் நின்றாள். ஒரு இலையைப் பொறுக்கிக் கைப்பையில் வைத்தாள், வீட்டுக்கு வந்து எடுத்தால் வாசனை போய்விட்டது.

யாரும் சொல்லாத ஒன்று: நியூ ஃபாரஸ்ட். சாலிஸ்பரி வழியாகப் போனோம். 1079-இல் வில்லியம் ராஜா வேட்டைக்காக ஒதுக்கின காடாம். குதிரைகள் ரோட்டில் சும்மா நிற்கின்றன, நம்ம ஊர் மாடு மாதிரியே, வண்டி வந்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வேலி இல்லாத ரோட்டில் மணிக்கு 40 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. போல்டர்வுட் பக்கம் திரும்பியதும் நடு ரோட்டில் ஒரு பன்றி. பின்னால் இன்னும் நாலு. இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டை கொட்டும்போது ஊர்க்காரர்கள் தங்கள் பன்றிகளைக் காட்டில் அவிழ்த்துவிடுவார்களாம். பச்சைக் கொட்டை அதிகம் தின்றால் குதிரைக்கு விஷம், பன்றிக்கு ஒன்றும் ஆகாது. நிலத்தை ரொம்பத் தோண்டாமலிருக்க மூக்கில் வளையம் போட்டிருக்கிறார்கள். நம்ம ஊரில் அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதை நினைத்துக்கொண்டேன். ஆனால் கிடை ஆடு சத்தமில்லாமல் மேயும். இந்தப் பன்றி கொட்டையைக் கடிக்கிற சத்தம், கண்ணாடியை இறக்கியிருந்தோம், பழைய முறுக்கைக் கடிக்கிற மாதிரி கேட்டது. ஏழு நிமிஷம் நின்றேன். ஆரன் அடிக்கவில்லை. டைம் கீப்பர் இல்லையே.

மருமகன் போட்டோ ரோடு? சேவர்னேக் போனோம், மரங்களெல்லாம் பெரிதுதான், அந்த வயிறு பெருத்த ஓக்கையும் பார்த்தோம், ஆனால் அந்த ரோடு அது இல்லை. மேடு வேறு, வளைவு வேறு. முந்தாநாள் கடைக்குப் போய்த் திரும்பும்போது ரோடு வேலை என்று மஞ்சள் போர்டு வைத்து வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். நாலைந்து வீடு, ஒரு பண்ணை, ஒரு திருப்பம், அங்கே அது. மழை பெய்து விட்டிருந்தது. பீச் இலை ரோட்டில் ஒட்டிக் கிடந்ததால் இரண்டாம் கியரில் மெதுவாக உருட்டினேன், அது சோப்பு மாதிரி வழுக்குகிறது. பேர்ப் பலகைகூடக் கிடையாது. பின் சீட்டில் இரண்டு பை வெங்காயம், பால். வீட்டுக்காரி, "நிறுத்துங்க" என்றாள், நிறுத்த இடம் இல்லை, பின்னால் வேன். கடந்து வந்துவிட்டோம். மறுநாள் போனால் அந்த மஞ்சள் போர்டை எடுத்துவிட்டார்கள், வழி கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏ591-க்கு இந்தத் தடவை நேரமில்லை. சிங்கைக்காரர் மன்னிக்கணும். ஹார்ட்நாட்டை மனசில் வைத்திருக்கிறேன்.

நர்ஸம்மாவிடம் ஒரு கேள்வி. இன்றைக்குக் காலையில் கார் கண்ணாடி பூராவும் வெள்ளையாக உறைந்து கிடந்தது. வெந்நீர் ஊற்றலாமா? வீட்டுக்காரி கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், நான் கொஞ்சம் பொறு என்றிருக்கிறேன்.

அம்பை நர்ஸம்மா | நவம்பர் 6

ஊற்றிவிடாதீங்க அண்ணாச்சி, கண்ணாடி விரிசல் விட்டுவிடும்! மகள் வீட்டில் பிளாஸ்டிக் சுரண்டி ஒன்று இருக்கும், கேளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, சூட்டைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்துச் சுரண்டுங்கள். முழுக் கண்ணாடியும் சுத்தமான பிறகு எடுங்கள், பொந்து மாதிரி கொஞ்சம் துடைத்துவிட்டு ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். கெட்டிலில் காப்பி போடச் சொல்லுங்கள் மதினியை. ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கம் வருகிறேன்.